காலுக்கேற்ற சப்பாத்து

தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு எழுதப்படும் கட்டுரைகளுக்கென்று ஒரு மரபு உண்டு. சங்க இலக்கியம், நாவலர், நாட்டார் பாடல், ஈழத்துச் சிறுகதை, மொழியியல் என்று அம்மரபு விரிந்து செல்லும். இதழாசிரியர் என்னிடமும் அத்தகைய ஒன்றையே எதிர்பார்த்திருப்பார். ஆயினும் எழுத அமர்ந்த வேளையில் என் மனத்தில் வந்து நின்றது ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. அதனை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எழுத இரண்டு வாரம் முயன்றேன், முடியவில்லை. பாண்ட் வாத்தியக் குழுவில் நடப்பவர் பயிற்சிக்கும் அரங்கேற்றத்துக்கும் எத்தகைய சப்பாத்தைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதனை வாசிப்போருட் பலர் பாடசாலைக் காலத்தில் மேலைத்தேய வாத்தியக் குழுவொன்றின் பின்னால் இல்லக் கொடி ஏந்தி நடந்திருப்பீர்கள். சிலர் அக்குழுவிலேயே இருந்திருக்கவுங் கூடும். அவர்களுக்கு நான் சொல்லப்போவதிற் பாதி தெரிந்ததே. மற்றப் பாதியை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

முதலிற் சொல்லைப் பற்றி ஒன்று கூறிவிடுகிறேன். கலைப்பீடத்திற் பயில்வோரை அந்த நோய் எளிதில் விடுவதில்லை. 'சப்பாத்து' என்பது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். கதிரை, மேசை, அலுமாரி ஆகியவற்றோடு அதுவும் நம் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. சிங்களத்திலும் அதே சொல் சிறு மாற்றத்துடன் வழங்குகிறது. அதற்கு முன்னர் நம்மிடம் காலணியே இருக்கவில்லை என்று எண்ணிவிடலாகாது. 'தொடுதோல்' என்னுஞ் சொல்லைச் சங்க இலக்கியங் கற்போர் அறிவர். செருப்பு என்றும் உண்டு. ஆனால் காலை முழுவதுமாக மூடி, நாடாவால் இறுக்கிக் கட்டி, உள்ளே விரல்கள் என்ன பாடு படுகின்றன என்பதை வெளியே தெரியவிடாது மறைக்கும் பொருளுக்கு அந்நியர் சொல்லே நமக்கு வேண்டியிருந்தது. 'பாட்டா'வின் கதை வேறு வகையானது. 1894 இல், இன்று செக் நாட்டுக்குள் இருக்கும் சிலின் நகரிற் சப்பாத்துத் தொழிலைத் தொடங்கிய ஒரு குடும்பத்தின் பெயர் அது. எங்களூரிலோ எந்த நிறுவனம் செய்த இறப்பர்ச் செருப்பும் பாட்டாதான். "பாட்டாவை வாசலிலை கழட்டிப்போட்டு வா" என்று அம்மம்மா சொல்லும்போது, எங்கோ ஒரு நாட்டின் குடும்பப் பெயர் எங்கள் வாசற்படியில் மண் அப்பிக் கிடப்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

பாடசாலை நேரந் தவிர மற்றெந்நேரமும் வெறுங்காலுடன் திரிந்த பிள்ளைகள் நாங்கள். வன்னியில், ஒரு குளத்தின் கீழ் வயல் செய்யுங் கிராமம் எங்களுடையது. வரம்பில் நடப்பதற்குச் சப்பாத்து உதவாது. விரல்களே நிலத்தைப் பற்ற வேண்டும். இவ்வாறு வளருங் கால் முன்புறம் அகன்று, விரல்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும். பாதணியின்றி வாழும் மக்களின் பாதங்களை அளந்து ஆராய்ந்தோரும் இதையே கண்டிருக்கிறார்கள். அது நோயன்று, குறையுமன்று. ஆனால் கடையில் விற்குஞ் சப்பாத்தின் அச்சு அத்தகைய காலை அறிந்து செய்யப்பட்டதன்று.

என் காலுக்கு வேறொரு கதையும் உண்டு. 2009 இல் எனக்கு ஏழு வயது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நடந்த நாட்களில் எங்கோ என் செருப்புப் போயிற்று. இடது பாதத்தின் வெளிப்புறத்தில் இன்றும் ஒரு தழும்பு உண்டு. எது வெட்டியது என்பது நினைவில் இல்லை. முகாமுக்கு வந்து சில நாட்களின் பின் செருப்புப் பங்கிட்டார்கள். எனக்குக் கிடைத்த சோடியில் இரண்டும் இடக்கால். அம்மா அதை மாற்றித் தரும்படி கேட்கப் போகவில்லை; தண்ணீருக்கு நிற்கவேண்டிய வரிசையே நீளமாக இருந்தது. பல மாதங்கள் நான் இரண்டு இடக்கால்களுடன் நடந்தேன். ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை இரு காலுக்கும் ஒரே அச்சிற் செய்த சப்பாத்துகள் பரவலாக வழங்கின என்று பின்னாளில் நூலகத்தில் வாசித்தபோது, ஒரு வரலாற்றுக் கட்டத்தை என் காலாலேயே நடந்து கடந்திருக்கிறேன் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

2017 இல், நான் பத்தாந் தரத்திற் படித்தபோது, எங்கள் பாடசாலைக்குப் பாண்ட் வாத்தியங்கள் வந்தன. புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர் பணம் அனுப்பியிருந்தனர். ஒரு பேஸ் றம், ஆறு சைட் றம், ஒரு சோடி கைத்தாளம். மிகுதி எல்லாம் மெலோடிக்கா. எனக்குச் சைட் றம் கிடைத்தது. தோளிலிருந்து குறுக்காக இறங்கும் பட்டியில், இடத்தொடையின் மேற் சாய்ந்து கிடக்கும் வாத்தியம் அது. இடமுழங்கால் உயரும்போதெல்லாம் அதனையும் உயர்த்தும். ஆகவே சைட் றம் அடிப்பவரின் இடக்கால் மற்றவர் காலைவிட இரட்டிப்பு வேலை செய்கிறது. பேஸ் றம் சுமப்பவரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவருக்குத் தம் கால்களே தெரிவதில்லை.

பயிற்சி பின்னேரம் இரண்டரை மணிக்கு. மைதானம் என்று பெயர். உண்மையில் மணலும் நெருஞ்சியும். முதலிரு வாரமும் பாட்டாவுடன் நடந்தோம். நின்ற இடத்திலேயே காலை உயர்த்தி மிதிக்கும் பயிற்சியில் ஒருத்தியின் பாட்டா கழன்று பறந்து முன்வரிசையாளின் முதுகிற் பட்டது. அன்றே ஆசிரியை பாட்டாவைத் தடைசெய்தார். அதன் பின் வெறுங்கால். வெறுங்காலுக்கு நாங்கள் பழக்கப்பட்டவர்கள்தாமே என்று அனைவரும் மகிழ்ந்தோம். அதிலிருந்த பிழை அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. அணிநடையிற் குதிக்காலை ஓங்கி ஊன்ற வேண்டும். வெறுங்காலுடன் அவ்வாறு ஊன்றினால் நோகும். ஆகவே நம்மை அறியாமலே முன்பாதத்தைப் பதிக்கப் பழகிவிடுகிறோம். ஒரு மாதம் அவ்வாறு பழகிய உடல், சப்பாத்து அணிந்த அன்று திடீரென வேறொரு நடையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) இடம் வலம் அறியாத நாட்டுப்புற இளைஞரின் ஒரு காலில் உலர்ந்த புல்லையும் மறுகாலில் வைக்கோலையுங் கட்டி நடைபழக்கினர் என்றொரு கதை வழங்குகிறது. எங்களுக்கு இடமும் வலமும் தெரிந்திருந்தன. காலுக்கும் நிலத்துக்குமிடையே எது இருக்கப்போகிறது என்பதுதான் தெரியவில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. பிரித்தானியப் படை மரபில் விரைவு நடைக்கு நிமிடத்துக்கு 120 அடி, அடியொன்று 30 அங்குலம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பாண்ட் குழுக்கள் 5 யாருக்கு 8 அடி என வகுத்து, அடியொன்றை 22.5 அங்குலமாகச் சுருக்கிக்கொள்கின்றன. எங்கள் குழுவில் எவரும் இவற்றை அளந்தது கிடையாது. பேஸ் றம் எப்படிப் போனதோ அப்படியே நாங்களும் போனோம். நிமிடத்துக்கு நூறு அடி என்றே கொள்வோம். ஓய்வு நீங்கலாக நாற்பது நிமிடம் நடந்தால் நாலாயிரம் அடி, காலொன்றுக்கு இரண்டாயிரம். சப்பாத்தின் உள்ளே ஒரு தையல் துருத்தி நின்றால், காலுறையில் ஒரு மடிப்பு விழுந்தால், ஒரு மணற்பருக்கை புகுந்தால், அது அதே தோலின் அதே இடத்தை ஒரு பின்னேரத்தில் இரண்டாயிரம் முறை உரசுகிறது. வீதியில் நடப்பவர் நின்று அதனை உதறிவிடலாம். வரிசையில் நடப்பவர் நிற்க முடியாது. அவருடைய சப்பாத்துக்கும் மற்றவர் சப்பாத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதற்குள் அடங்கும்.

ஒருநாள் ஒரு தாள் எங்களிடையே சுற்றி வந்தது. பெயர், தரம், வாத்தியம், சப்பாத்தின் அளவு என்று நான்கு நிரல்கள். என் அளவு எனக்குத் தெரியும். அண்ணாவின் பழைய ஏழாம் அளவுச் சப்பாத்தையே நான் அணிந்துவந்தேன். எனக்கு முன் எழுதியோர் 4, 3, 5, 4 என்று எழுதியிருந்தனர். வகுப்பிற் பையன்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் வாத்து. என் பக்கத்தில் நடப்பவள் (அவளை இங்கே தோழி என்று மட்டுங் குறிப்பிடுகிறேன்) 4 என்று எழுதித் தாளை என்னிடம் நீட்டினாள். நான் 5 என்று எழுதினேன்.

இங்கிலாந்து முறையில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்குமுள்ள இடைவெளி ஓர் அங்குலத்தின் மூன்றிலொன்று. வாற்கோதுமை மணியொன்றின் நீளமாகப் பண்டு கொள்ளப்பட்டது அது, ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர். ஆகவே நான் சொன்ன பொய்யின் நீளம் 17 மில்லிமீற்றர். சரியான சப்பாத்தில் நீண்ட விரலின் முன்னே ஒரு பெருவிரல் அகலமளவுக்கு, அதாவது பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர், வெற்றிடம் இருக்க வேண்டும். 17 இலிருந்து அதனைக் கழித்தால் எஞ்சுவது என் விரல்கள் மடங்கவேண்டிய அளவு. இக்கணக்கையெல்லாம் பின்னர்தான் போட்டேன்.

சப்பாத்துகள் விளையாட்டுப் போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன்னர் வந்தன. வெள்ளைக் கன்வஸ், இறப்பர் அடி, வெள்ளை நாடா. பெட்டியைத் திறந்ததும் எழுந்த பசை மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. எங்களிற் பலருக்கு வாழ்நாளில் முதன்முதலாக வேறெவரும் அணியாத சப்பாத்து அது. அணிந்து பார்க்கச் சொன்னார்கள். விரல்களை மடக்கிக்கொண்டு எழுந்து நின்று, நல்லாயிருக்கிறது என்றேன். பின்பு அழுக்காகிவிடும் என்பதற்காக எல்லாச் சப்பாத்துகளும் அலுமாரியில் வைத்துப் பூட்டப்பட்டன. போட்டிக்கு முதல்நாள் வெளியே எடுத்து, வெள்ளைப் பூச்சைக் கரைத்துப் பூசி, வெயிலில் உலர்த்தினோம். ஈரப்பூச்சு உலரும்போது கன்வஸ் மட்டைபோல் விறைத்துவிடும். அரங்கேற்றத்துக்குரிய சப்பாத்து அரங்கேற்ற நாளிலேயே முதன்முதலாக நடக்கத் தொடங்குவதைவிடப் பெரிய தவறு இவ்விடயத்தில் இல்லை. எந்த வாத்தியக்காரரும் தாம் ஒருமுறையும் தொட்டறியாத வாத்தியத்தை மேடைக்குக் கொண்டுசெல்வதில்லை. கால் மட்டும் அதற்கு விலக்கா?

2018 பெப்ரவரியில் ஒரு பின்னேரம். பிரதம விருந்தினரைச் சந்தியில் வரவேற்றுத் தார் வீதிவழியே மைதானத்துக்கு அழைத்துவந்தோம். அதன்பின் இல்லங்களின் அணிநடைக்கு வாசித்தபடி மைதானத்தைச் சுற்றவேண்டும். வீதியிலேயே என் குதிக்காலின் தோல் கழன்றுவிட்டது. மைதானத்துக்குள் வந்தபோது வலி இடக்காலைத் தூக்கும்போதெல்லாம் றம்மோடு சேர்ந்து உயர்ந்தது. நான் நொண்டவில்லை, நொண்டினால் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக இடக்காலின் அடியைச் சிறிது சிறிதாகக் குறைத்தேன். வரிசை நேராக இருக்கவேண்டுமானால் ஒருவர் மற்றவரைக் கடைக்கண்ணாற் பார்த்தே நடக்க வேண்டும். தோழி என்னைப் பார்த்து நடந்தாள். நான் பிந்தியபோது அவளும் பிந்தினாள். பின்வரிசை அவளுடைய குதிக்காலை மிதித்தது. சரியாக மேடைக்கு முன்னால் அவள் தடுமாறி, அடியை மாற்றிப் பிடிப்பதற்காக ஒரு துள்ளுத் துள்ளினாள். பந்தலில் இருந்தோர் சிரித்தனர். அவள் துள்ளியது அனைவருக்குந் தெரிந்தது. நான் அடியைக் குறைத்தது எவருக்குந் தெரியவில்லை.

மாலையில் ஆசிரியை அவளை எல்லார் முன்னிலையிலும் ஏசினார். ஆசிரியையைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவர் கண்டது ஒரு துள்ளல். தோழி ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். நாடா ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. மறுநாள் அவள் றம்மையும் குச்சிகளையும் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டாள். வேறெதுவும் நடக்கவில்லை.

அந்தச் சப்பாத்தை வீட்டிலே காட்ட இயலவில்லை. வலக்காலில் முன்புறம் கிழிந்திருந்தது, இடக்காலின் பின்புறம் உள்ளே கறுத்திருந்தது. பட்டணத்திற் பஸ் நிலையத்துக்கு அருகே, ஒரு வேம்பின் கீழ், சப்பாத்துத் தைக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்க அவரிடம் கொண்டுபோனேன். அவர் அதனைக் கையிலெடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இது ஆற்றை சப்பாத்து, பிள்ளை?"

"என்ரைதான், ஐயா."

"உன்ரை காலுக்கு வாங்கினதோ, ஊராற்றை கண்ணுக்கு வாங்கினதோ?"

நான் பேசாதிருந்தேன். அவர் சிறு பலகையொன்றை நகர்த்தி இருக்கச் சொன்னார். ஒரு மட்டைத்துண்டை நிலத்திற் போட்டு அதன்மேல் என்னை எழுந்து நிற்கச் செய்து, பென்சிலாற் பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்தார். சப்பாத்தைக் கோட்டின்மேல் வைத்தபோது இருபுறமும் கோடு வெளியே தெரிந்தது. "தோலெண்டால் கட்டையிலை போட்டு இழுத்துப் பாக்கலாம். அதுவும் அகலந்தான் வரும், நீளம் வராது. இது கன்வசு. இதுக்கு ஒண்டுஞ் செய்யேலாது" என்றார். பின்பு அரைமணி நேரம் எனக்கு ஒரு விரிவுரை கிடைத்தது. வளாகத்தில் நான் கேட்ட விரிவுரைகளுள்ளும் அதற்கு நிகரானவை சிலவே.

சப்பாத்து வாங்கக் காலையிற் போகக்கூடாது என்றார் அவர். பகலெல்லாம் நின்று நடந்த கால் பின்னேரத்தில் வீங்கிச் சற்றுப் பெருத்திருக்கும். அந்தக் காலுக்கே வாங்க வேண்டும். பாண்ட் குழுவின் பயிற்சியும் பின்னேரத்தில்தான் நடக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு கால்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய காலுக்கு வாங்கிச் சிறியதற்கு உள்ளே தகடு வைக்கலாம், மறுதலையாகச் செய்ய முடியாது. எந்தக் காலுறையுடன் நடக்கப் போகிறோமோ அதே காலுறையுடன் அணிந்து பார்க்க வேண்டும். இருந்து பார்ப்பது பார்ப்பதாகாது. எழுந்து, முழுப் பாரத்தையும் ஊன்றிப் பார்க்க வேண்டும். சப்பாத்தின் முன்னையும் பின்னையும் பிடித்து வளைத்தால் அது விரல்களின் அடிமூட்டு வளையும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிவது நடைக்கு உதவாது. எங்குமே வளையாதது கால் முழுவதையுந் தூக்கி வைக்கச் செய்யும். குதிக்கால் உள்ளே வழுக்கக்கூடாது. அகலம் போதாதென்று நீளத்தைக் கூட்டி வாங்குவோர் பலர். அப்போது முன்னே இடமிருக்கும், பக்கம் நெருக்கும், பின்னே வழுக்கும். கடைசியாக, வாங்குமுன் உள்ளே விரலை விட்டு ஒவ்வொரு தையலையும் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முடிச்சைத்தான் கால் முதலில் அறியும்.

கொப்புளம் வந்தால் அதன் தோலை உரிக்காதே என்றும் சொன்னார். அதற்கு அதுவே மூடி. பணந் தர முயன்றபோது, செய்யாத வேலைக்கு எதற்கு என்று மறுத்துவிட்டார். எழுந்து வருகையில், "ஏன் பிள்ளை, முதலே அளவு காணாதெண்டு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார். விடை சொல்லாமல் வந்துவிட்டேன். நான் அவருடைய பலகையில் இருந்ததைப் பஸ்ஸிற் சென்ற யாரோ கண்டு மாமியிடம் சொல்லியிருக்கிறார்கள். "அங்கை போய் ஏன் குந்தினனீ?" என்று மாமி கேட்டார். அக்கேள்வியின் பொருளை இம்மலரின் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சப்பாத்தை வீட்டுக்குள் கொண்டுவரலாம், அதைத் தைப்பவர் அருகில் இருக்கலாகாது என்னும் நியாயத்தை மட்டும் இன்றுவரை நான் விளங்கிக்கொள்ளவில்லை.

அதன்பின் அண்ணாவின் பழைய கறுப்புச் சப்பாத்துக்கு வெள்ளைப் பூச்சைத் தடித்துப் பூசிக்கொண்டு மேலும் ஒரு வருடம் நடந்தேன். தூரத்திலிருந்து பார்ப்போருக்கு வேறுபாடு தெரியவில்லை. 2022 இல், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 வீதத்தை எட்டிய அவ்வாண்டில், பிள்ளைகளுக்குச் சப்பாத்தே வாங்கமுடியாமற் குடும்பங்கள் தவித்தபோது, பாண்ட் குழுவைப் பற்றி நினைத்தவர் யார்? எங்கள் றம்களின் தோல் தளர்ந்து, அவை களஞ்சிய அறைக்குச் சென்றன.

2024 இன் பிற்பகுதியில், விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, குழுவை மீண்டுந் தொடங்குவதாகவும் சப்பாத்துத் தெரிவுக்கு உதவும்படியும் அதிபர் கேட்டார். பழைய மாணவி என்ற முறையிற் கேட்டாரேயன்றி வேறொன்றும் அவருக்குத் தெரியாது. பணம் ஒரு சோடிக்கே போதுமானது. அரங்கேற்றத்துக்குப் பளபளக்குங் கறுப்பு ரெக்சின் சப்பாத்து வாங்கலாம், பயிற்சியைப் பிள்ளைகள் வழமைபோற் செய்யட்டும் என்பது சில ஆசிரியரின் கருத்து. படத்தில் அழகாயிருக்கும் என்றார்கள், உண்மைதான். அரசு வழங்கும் வவுச்சரிற் பிள்ளைகள் வாங்கிய சப்பாத்து இருக்கிறதே, அதையே பயிற்சிக்கு அணியலாமே என்றார் ஒருவர். அது அப்பிள்ளைகளின் வருடம் முழுவதற்குமான சப்பாத்து. மணலில் நாளொன்றுக்கு நாலாயிரம் அடி மிதித்தால் எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று கேட்டேன். இறுதியில் என் யோசனை ஏற்கப்பட்டது. கன்வஸ் சப்பாத்தே, ஆனால் முதல்நாட் பயிற்சியிலிருந்தே அதையே அணிவது. அழுக்காகட்டும், போட்டிக்கு இரண்டு நாள் முன்னர் கழுவி, மெல்லிதாகப் பூச்சுப் பூசி, மறுநாள் ஒரு சிறு பயிற்சியில் விறைப்பை உடைத்துக்கொள்வது. காலொடு ஒட்டி நிற்கும் மெல்லிய காலுறை இரண்டு சோடி, ஒன்று நனைந்தால் மாற்றுவதற்கு. வியர்வையில் ஊறிய தோல்தான் விரைவில் உரியும். முன்னே கோலேந்திச் செல்லுந் தலைவிக்கு முழங்கால்வரை உயர்ந்த வெள்ளைச் சப்பாத்து வேண்டுமென்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். அதன் விலைக்கு நால்வருக்குச் சப்பாத்து வாங்கலாம். ஊரிலே தையல் தைக்கும் அக்கா ஒருவர் வெள்ளை ரெக்சினில் ஒரு சோடி உறை தைத்துத் தந்தார். சாதாரணக் கன்வஸ் சப்பாத்துக்கு மேலே கட்டிவிட்டால் பத்தடி தூரத்திற் பூட்ஸ்தான்.

அளவுத் தாளைச் சுற்றவிட வேண்டாம் என்று மட்டும் அதிபரிடம் உறுதியாகச் சொன்னேன். ஒரு பின்னேரம், வகுப்பறையொன்றின் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளை நாலைந்து பேராக அழைத்துத் தாளின்மேல் நிறுத்தி நானே கோடு வரைந்தேன். பென்சிலை நேராக நிறுத்த வேண்டும். உள்ளே சாய்ந்தால் கால் சிறுத்துவிடும். முப்பத்திரண்டு பிள்ளைகள். வெடித்த குதிக்கால்கள், சேறு காயாத நகங்கள், நெருஞ்சி குத்திய அடையாளங்கள். தாம் சொன்ன அளவும் கோடு காட்டிய அளவும் ஒத்துப்போனவர்கள் பாதிக்குங் குறைவு. ஒருத்தி தாளில் ஏற மறுத்து, பாவாடையை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டு கடைசிவரை ஒதுங்கி நின்றாள். பெயரைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தோழியின் தங்கை.

தோழி இப்போது ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறாள். நாள் முழுவதும் நின்று செய்யும் வேலை. 2018 இன் பின் நாங்கள் முகம் பார்த்துப் பேசியதில்லை என்று சொல்லிவிட முடியாது. சந்தையிலும் கோயிலிலும் கண்டால் சுகம் விசாரிப்போம். அந்த மாலையைப் பற்றி மட்டும் நானும் பேசவில்லை, அவளுங் கேட்கவில்லை. இம்மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அவள் வீட்டுக்குக் கொண்டுசெல்ல எண்ணியிருக்கிறேன். நேரிற் சொல்ல வேண்டியதை அச்சிற் சொல்வது கோழைத்தனம் என்று வாசகர் நினைக்கக்கூடும். நானும் அவ்வாறே நினைக்கிறேன். ஆகவே கொடுக்கும்போது வாயாலுஞ் சொல்லுவேன்.

"உங்கடை அளவென்ன, தங்கச்சி?"

"நாலு, அக்கா."

"ஆர் சொன்னது?"

"அக்காவின்ரை அளவு நாலு."

மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புதிய தாளொன்றை விரித்தேன். அவள் ஏறி நின்றாள். விரல்களை உள்ளே மடக்கியிருந்தாள். மடங்கிய விரல்களின் மேல் மெல்லத் தட்டினேன். அவை ஒவ்வொன்றாக விரிந்தன. கோடு வரைந்து அளந்தபோது ஆறு வந்தது. அவள் அதனை எட்டிப் பார்த்துவிட்டு, மிகத் தாழ்ந்த குரலில், "ஆருக்கும் காட்டுவீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சற்று நேரம் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றவள், "உங்கடை அளவென்ன, அக்கா?" என்றாள்.

"ஏழு" என்றேன். அறையிலிருந்த எல்லோருக்குங் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் அவளுடைய தாளை மடித்து மற்றவற்றோடு வைத்தேன். அடுத்த பிள்ளை பாட்டாவைக் கழற்றிக்கொண்டிருந்தது.